வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் போடச் சொல்லும் முதலாளிகளுக்கு

வணக்கமுங்க.

கோவையில் சரவணம்பட்டி, காளப்பட்டி, பீளமேடு பக்கம் மென்பொருள் கம்பெனி நடத்துகிறவர்களுக்கும், அங்கே டெலிவரி பார்க்கிற மேனேஜர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் சர்வர் பக்கத்து ஆள். புரோகிராம் எழுதுகிறவர்கள் மேல் மாடியில் இருக்கிறார்கள், நாங்கள் கீழே இருக்கிறோம். ஒரே கேன்டீனில் டீ குடித்தாலும் வேலை விஷயமாகப் பேசிக்கொள்வதெல்லாம் டிக்கெட்டில்தான் (கம்ப்யூட்டரில் பதிந்து அனுப்பும் வேலைக் கோரிக்கை).

அது சரியில்லை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இப்போது டெவ்ஆப்ஸ் (புரோகிராம் வேலையையும் சர்வர் வேலையையும் ஒன்றாகச் சேர்ப்பது) டீம் என்று புதிதாக ஆள் எடுத்து நடுவில் உட்கார வைக்கிறீர்கள். ஜென்கின்ஸ், டாக்கர், குபர்னெட்டிஸ், டெராஃபார்ம் போன்ற கருவிகளெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று விளம்பரமும் வருகிறது. கோவித்துக்கொள்ளாதீர்கள், இதனால் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: முன்பு ஒரு டிக்கெட் போட்ட இடத்தில் இப்போது இரண்டு போடுகிறோம்.

2009-இல் ஃபிளிக்கர் என்ற புகைப்படத் தளத்தில் வேலை பார்த்த ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் ஒரு மாநாட்டு மேடையில் ஏறி, நாளுக்குப் பத்து தடவைக்கு மேல் ரிலீஸ் செய்கிறோம், அதாவது புது வெர்ஷனை லைவ் சர்வரில் ஏற்றுகிறோம் என்றார்கள். ஒருவர் சர்வர் பக்கம், இன்னொருவர் டெவலப்பர் பக்கம். அதே வருடம் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபோய் கூட்டிய டெவ்ஆப்ஸ்டேஸ் கூட்டத்திலிருந்துதான் இந்தப் பெயரே பரவியது. இவர்கள் யாரும் நடுவில் உட்கார மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும் என்று கேட்கவில்லை. இருக்கிற இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்யட்டும் என்பதுதான் பேச்சு.

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பள சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். அங்கே பெரும்பாலும் வாரச் சம்பளம், சனிக்கிழமை பட்டுவாடா என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி புது வெர்ஷனை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினோம், எல்லாம் பச்சை விளக்கு. மறுநாள் மத்தியானம் வந்த சம்பளச் சீட்டில் ஒன்றரை ஷிப்ட் பார்த்த டெய்லருக்கு ஒரு ஷிப்ட் காசு மட்டும்தான் இருந்தது. டெவலப்பர் தன் லேப்டாப் டேட்டாபேஸில் ஷிப்ட் எண்ணிக்கை இருக்கும் நெடுவரிசையைத் தசம எண்ணாக மாற்றியிருக்கிறார், அதற்கான ஸ்கிரிப்டைக் கையாலேயே ஓட்டியிருக்கிறார், அந்த ஒரு வரி ஸ்கிரிப்ட் கிட்டுக்கும் (Git, புரோகிராம் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் இடம்) வரவில்லை, எங்களுக்கு வந்த ரிலீஸ் குறிப்பிலும் இல்லை. சர்வரில் அந்த நெடுவரிசை முழு எண்ணாகவே கிடந்ததால் அரை ஷிப்ட் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. "என் மெஷின்ல சரியாத்தானுங்க வருது" என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு சூப்பர்வைசர் முன்னால் வரிசையில் நின்றவர்களின் கோபம் முழுக்க எங்கள் போனுக்குத்தான் வந்தது, அந்த டெவலப்பருக்கு விஷயம் தெரிந்ததே திங்கட்கிழமை காலையில்.

பெரிய இடத்திலும் இதேதான். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வரில் ஏழுக்குப் புது புரோகிராம் போய்ச் சேர்ந்தது, ஒன்றுக்குப் போகவில்லை. அந்த ஒன்றில் எப்போதோ கைவிட்ட பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு கண்டபடி ஆர்டர் போட, முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. கையால் காப்பி செய்ததை இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை என்று அங்குள்ள பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமே பின்னால் எழுதி வைத்தது.

ஆகவே நான் கேட்பது இதுதானுங்க. டேட்டாபேஸ் மாற்றம், கான்ஃபிக் (செட்டிங்), சர்வர் அமைப்பு எல்லாம் புரோகிராமோடு சேர்ந்து கிட்டுக்குள் இருக்கட்டும், எல்லாம் ஒரே பைப்லைன் (தானாகவே சோதித்து சர்வரில் ஏற்றும் ஏற்பாடு) வழியாகப் போகட்டும், யாரும் எதையும் கையால் ஓட்ட வேண்டாம். முன்னோட்டம் பார்க்கிற ஸ்டேஜிங் சர்வரும் லைவ் சர்வரும் ஒரே வெர்ஷனில் இருக்கட்டும் (செலவு என்பீர்கள், ஒரு சனிக்கிழமைக் கூத்தின் செலவையும் கூடவே கணக்குப் போடுங்கள்). மூன்று மாத வேலையை மூட்டை கட்டி ஒரே ராத்திரியில் இறக்காமல், துண்டு துண்டாக, பகலில், எல்லோரும் ஆபீஸில் இருக்கும்போது இறக்குங்கள். பனியன் கம்பெனியின் தையல் லைனைப் போய்ப் பாருங்கள், தைக்கத் தைக்கவே செக்கிங் நடக்கும். பெட்டி கட்டின பிறகு பிரித்துப் பார்ப்பது கடைசி வழி.

அப்புறம் போன். ராத்திரி அலர்ட் வந்தால் புரோகிராம் எழுதியவருக்கும் போன் அடிக்க வேண்டும். இதைச் சொன்னதும் "டெவலப்பர் பெங்களூருக்கு ஓடிவிடுவார்" என்கிறீர்கள். சர்வர் பசங்க ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அது உங்கள் கணக்கில் வருவதில்லை. முறை வைத்துப் பாருங்கள், விழித்த ராத்திரிக்குப் படியும் மறுநாள் லீவும் கொடுங்கள். தன் தூக்கம் கெடும் என்று தெரிந்தால் லாக் மெசேஜைக்கூட (என்ன நடந்தது என்று புரோகிராம் பதிந்து வைக்கும் குறிப்பு) ஒழுங்காக எழுதுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். கூகுளில் எங்களைப் போல சர்வர் பக்கத்து வேலை பார்க்கிறவர்களுக்கு அன்றாட ஆபரேஷன்ஸ் வேலை பாதி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு, தாண்டினால் மிச்சம் டெவலப்பர்களிடமே திரும்பிப் போகும். நமக்கு அந்தப் பாதிக் கணக்கெல்லாம் வேண்டாம், எங்கள் வேலையில் கால்வாசி டெவலப்பர்களிடம் போனாலும் போதும்.

ஏதாவது உடைந்தால் "யார் பண்ணினது?" என்று மெயில் போடுவதை நிறுத்துங்கள். அந்த மெயில் வருகிற கம்பெனியில் ஒருத்தரும் உண்மையை எழுத மாட்டார்கள். எது எப்போது எப்படி உடைந்தது என்று இரண்டு டீமும் சேர்ந்து எழுதட்டும், பெயர் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இந்த மாதம் ஒரே ஒரு புராஜெக்ட்டை எடுத்து, அதன் டெவலப்பர்களையும் சர்வர் ஆட்களையும் ஒரே மேசைக்கு மாற்றிப் பாருங்கள். நடுவில் உட்கார வைத்த அந்த டெவ்ஆப்ஸ் பையனையும் சேர்த்துத்தான், பாவம், அவனும் டிக்கெட்தான் போட்டுக்கொண்டிருக்கிறான்.