மிச்சமான பணம் அசலில் கழிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் செலவைச் சுருக்கினால் வீட்டுக்கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாம் என்ற யோசனை பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் விளக்கை அணையுங்கள், குழாயை மூடுங்கள் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. மிச்சமான பணம் கடன் கணக்கில் எந்த வழியாகப் போக வேண்டும், போனது அசலில் கழிந்ததா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் சொன்னால்தான் வாசகர்களுக்குப் பயன். அந்தப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 900 வரும். முதல் மாதம் அதில் 750 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 150தான். பத்து ஆண்டு ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் 71,000 பாக்கி நிற்கும். அசல் பாதியாகக் குறைய 14 ஆண்டு ஆகும். பாதிக் காலம் கட்டியாயிற்று, பாதிக் கடன் தீர்ந்திருக்கும் என்று நம்பியிருப்பவர்கள் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து அதிர்ந்துபோவது இதனால்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மீதமிருக்கும் அசலுக்கு வட்டி போடும் முறையே அப்படி.

அதே முறை நமக்கு உதவவும் செய்யும். லட்சத்துக்கு 100 வீதம் மாதாமாதம் கூடுதலாகக் கட்டினால் 240 மாதக் கடன் 186 மாதத்தில் முடியும். கூடுதலாகக் கட்டியது மொத்தம் 18,600. கட்டாமல் தப்பிய தவணைகள் 54. அவற்றின் தொகை ஏறத்தாழ 48,600. 50 மட்டுமே முடிகிறது என்றாலும் 31 மாதம் குறையும். கடன் தொடங்கியவுடன் ஒரே ஒருமுறை 1,000 கட்டினால் கடைசியில் கட்ட வேண்டியதில் 6,000 கழியும். கடன் முடிய ஐந்து ஆண்டு இருக்கும்போது அதே 1,000 கட்டினால் 1,560 அளவுக்குத்தான் கழியும். பெரிய தொகையாகச் சேரட்டும் என்று காத்திருப்பது அதனால்தான் நஷ்டம்.

இந்த 100 எங்கிருந்து வரும்? ஓராண்டுக்கான எல்லாப் பில்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு மாதத்துப் பில் போதாது. வெயிலுக்கும் குளிருக்கும் மின்செலவு மாறும், காப்பீடு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்.

மின்கட்டணத்தில் பெரும்பங்கு சூடாக்குவதற்கும் குளிர்விப்பதற்கும் போகிறது. நிமிடத்துக்கு 9 லிட்டர் வரும் ஷவரில் 10 நிமிடம் குளித்தால் 90 லிட்டர். 25 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற அதற்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகும். 20 லிட்டர் வாளிக்கு 0.35 யூனிட் போதும். நான்கு பேர் குளிக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் மட்டும் நாளுக்கு ஐந்து யூனிட்டைத் தொடும். வாளி பிடிக்காதவர்கள் நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் ஷவர் தலையை மாட்டி, நேரத்தைப் பாதியாக்கலாம். ஹீட்டரின் வெப்பநிலையை வெகுவாகக் குறைத்து வையுங்கள் என்ற யோசனையை மட்டும் கேட்காதீர்கள். தொட்டியில் வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடக்கும் நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். தேக்கி வைக்கும் தொட்டியில் 60 டிகிரி இருப்பதே பாதுகாப்பு. சூட்டை அப்படியே விட்டு, செலவழிக்கும் தண்ணீரின் அளவைக் குறையுங்கள்.

ஃபிரிட்ஜ் இரவு பகலாக ஓடும் பொருள். உள்ளே 4 டிகிரி, ஃபிரீசரில் மைனஸ் 18 போதும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. ரப்பரை மாற்றும் செலவு சிறியது. பின்பக்கக் கம்பிச்சுருளில் தூசி படிந்திருந்தாலும், சுவரோடு ஒட்டி நின்றாலும் வெப்பம் வெளியேறாமல் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது என்றால், 35 வாட்டில் ஓடும் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) விசிறி நாளுக்கு 12 மணி நேர ஓட்டத்தில் ஆண்டுக்கு 175 யூனிட் மிச்சமாக்கும். எந்நேரமும் 10 வாட் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ் ஆண்டுக்கு 88 யூனிட் தின்னும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் கட்டண முறையில் சராசரி விலையை வைத்துச் சேமிப்பைக் கணக்கிடக் கூடாது. நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட்டுகள் முதலில் உச்சப் படியிலிருந்துதான் கழியும். ஆகவே விலை கூடும் படி தொடங்கும் எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் வீட்டுக்கு முதல் சில யூனிட்டுகள்தான் மிகவும் மதிப்புள்ளவை.

தண்ணீருக்கு இரவுச் சோதனை ஒன்று போதும். படுக்கும்முன் மீட்டரைக் குறித்துவைத்து, யாரும் குழாயைத் தொடாமல் காலையில் மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு. முதலில் கழிப்பறைத் தொட்டியில் சிறிது சாயம் கலந்து கால்மணி நேரம் விடுங்கள். தண்ணீர் ஊற்றாமலே கோப்பையில் நிறம் தெரிந்தால் தொட்டியின் அடிவால்வு தேய்ந்திருக்கிறது. விநாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய்கூட நாளுக்கு 20 லிட்டர் அளவுக்கு வீணாக்கும்.

பார்க்காத ஓடிடி சந்தாக்கள், தேவைக்கு மிஞ்சிய போன் திட்டங்கள் ஆகியவற்றை ஒரே மாலையில் முடித்துவிடலாம். மருத்துவக் காப்பீட்டிலும், கடனுக்கு ஈடான ஆயுள் காப்பீட்டிலும் கை வைக்க வேண்டாம். கூரை ஒழுகலைத் தள்ளிப்போடுவதும் சேமிப்பு ஆகாது. வட்டி கூடுதலான கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை முதலில் அடையுங்கள். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையும் கையில் இருக்கட்டும். கடனில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது.

இனிதான் பெரும்பாலான வீடுகளில் விஷயம் நழுவுகிறது. மின்கட்டணம் குறைந்தது உண்மை; ஆனால் அந்தப் பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்து வேறொரு செலவில் கரைந்துவிட்டது. பழைய பில்லுக்கும் புதிய பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த மறுநாளே கடன் கணக்குக்குத் தானாக மாற்றும் நிலையான உத்தரவை வங்கிக்குக் கொடுத்துவிடுங்கள். தவணை வேறு, இது வேறு என்று தனித்தனியாகப் போகட்டும்.

அனுப்புவதற்கு முன் வங்கியிடம் கேட்க வேண்டியவை சில. பகுதி முன்செலுத்தலுக்கு, அதாவது தவணைக்கு மேல் இப்படிக் கூடுதலாகக் கட்டுவதற்கு, கட்டணம் உண்டா? நிலையான வட்டிக் கடன்களில் பெரும்பாலும் இந்தக் கேள்வி எழும். ஒரு முறைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரம்பு உண்டா? இருந்தால் அந்த அளவுக்குச் சேர்த்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுங்கள். மீதி அசல் எப்போது கணக்கிடப்படுகிறது, தினமுமா, மாதமா, ஆண்டுக்கு ஒருமுறையா? ஆண்டுக்கு ஒருமுறை என்றால் இடையில் கட்டியது அடுத்த கணக்கிடும் நாள்வரை வட்டியைக் குறைக்காது. அந்த நாளுக்குச் சற்று முன் கட்டினால் போதும்.

பணம் கட்டும்போது எழுத்தில் தெரிவிக்க வேண்டிய வாசகம் இது: "இத்தொகையை அசலில் கழித்து, மாதத் தவணையை மாற்றாமல், தவணைக்காலத்தைக் குறைக்கவும்." இதை எழுதாவிட்டால் இரண்டு தவறுகள் நேரலாம். கூடுதல் தொகையை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள், அசல் குறையாது. அல்லது தவணைக்காலத்தை அப்படியே விட்டு மாதத் தவணையைக் குறைத்துவிடுவார்கள். கை சற்று இளகும், ஆனால் கடன் அதே தேதியில்தான் முடியும். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் மீதி அசல் சரியாக அந்தத் தொகை அளவுக்குக் கூடுதலாகக் குறைந்திருக்கிறதா, மீதித் தவணைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் பார்க்காமல் விட்டால் ஆண்டுக்கணக்கில் தவறு நீடிக்கும்.

மாறும் வட்டிக் கடன் வாங்கியவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். வட்டி ஏறும்போது தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டுவது வழக்கம். மேலே சொன்ன கடனில், தொடக்கத்திலேயே 9 சதவீதம் 10 ஆனால், அதே 900 தவணைக்கு 240 மாதம் 314 மாதமாக நீளும். 10.8 சதவீதத்தைத் தொட்டால் முழுத் தவணையும் வட்டிக்கே சரியாகி, அசல் அசையவே அசையாது. பில்களில் பைசா பைசாவாகச் சேர்த்ததை ஒரு அறிவிப்புக் கடிதம் விழுங்கிவிடும். வட்டி மாறிய கடிதம் வந்தால், தவணையை உயர்த்திக் காலத்தைப் பழையபடி வைக்க முடியுமா என்று உடனே கேளுங்கள். புதிய வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டி உங்களுடையதைவிடக் குறைவாக இருந்தால் அதையும் கேளுங்கள். அரை சதவீதம் குறைந்தால் லட்சத்துக்கு முதல் ஆண்டிலேயே 500 அளவுக்கு வட்டி குறையும். எத்தனையோ விளக்குகளை அணைத்துச் சேர்க்கும் தொகை அது.

கடன் முடிந்த அன்று வேலை முடிந்துவிடாது. பாக்கி இல்லை என்ற சான்று, அடமானம் வைத்த மூலப் பத்திரங்கள் அனைத்தும் (ஒப்படைத்தபோது தந்த பட்டியலோடு பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்து), பதிவேட்டில் அடமானத்தை நீக்கியதற்கான ஆதாரம் ஆகிய மூன்றும் கைக்கு வர வேண்டும். பிறகு நிலையான உத்தரவையும் தவணைப் பிடித்தத்தையும் ரத்து செய்ய மறக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்