பொறி மட்டும் கட்டினால் பழ ஈ போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி மாந்தோப்புகளில், பழ ஈயைப் பிடிக்கும் பொறி கட்டியும் பழத்தில் புழு என்ற புலம்பல் கேட்கிறது. பெரும்பாலும் கட்டும் காலம்தான் கோளாறு. அறுவடைக்கு 2 மாதம் முன்பே ஏக்கருக்கு 10 பொறி, ஆள் உயரத்தில், நிழலான கிளையில் தொங்க வேண்டும். காய் நிறம் மாறியபின் கட்டினால் ஈ முட்டையிட்டு முடித்திருக்கும். பொறிக்குள் வைக்கும் மீத்தைல் யூஜினால் என்ற கவர்ச்சி மருந்து இழுப்பது ஆண் ஈயை மட்டுமே. முட்டை வைக்கும் பெண் ஈ பக்கத்துத் தோப்பிலிருந்தும் பறந்து வரும். ஆகவே ஊரே சேர்ந்து கட்டினால்தான் பலன். அந்த மருந்தில் ஊறவைத்துப் பொறியில் வைக்கும் மரக்கட்டையை, வீரியம் போனபின் மாற்றாமல் விடுவதும் வீண்.

இதைவிடப் பெரிய அலட்சியம், கீழே உதிர்ந்த பழம். அழுகியதைப் பிட்டுப் பாருங்கள். வெள்ளைப் புழு நெளியும், சில துள்ளியும் விழும். அதுதான் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த ஈயாக வெளிவருகிறது. அந்தப் பழத்தை வரப்போரம் குவிப்பது ஈ வளர்ப்பதுதான்! வாரம் இருமுறையாவது பொறுக்கி, 2 அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் மரத்தடியைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும், பறவைக்கும் இரையாகும்.

பருவக் கடைசியில் வரும் நீலம் ரக மாம்பழத்துக்கு இது இன்னும் அவசியம். தோப்பைக் குத்தகைக்கு விடுவோர், உதிர்பழத்தை அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

- மா விவசாயிகள் சிலர், கிருஷ்ணகிரி மாவட்டம்