மனந்திரும்பியவர் திருப்பிக் கொடுக்க வேண்டியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

தவக்காலத்தையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பாவ உணர்வு, அறிக்கை, மன்னிப்பு, புதுவாழ்வு என்று வரிசையாகச் சொன்னது. நடுவே ஒரு படி விடுபட்டுவிட்டது: கெடுத்ததைச் சரிக்கட்டுவது. பிரசங்க மேடைகளிலும் இது அடிக்கடி விடுபடுவதால் எழுதுகிறேன்.

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 6ஆம் அதிகாரம் இதில் கறாரானது. ஒப்படைத்த பொருளை ஏமாற்றி வைத்துக்கொண்டவன் முதலைத் திருப்பி, கூடவே ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து உரியவனிடம் கொடுக்க வேண்டும். 1 லட்சம் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். பலிக்கான ஆட்டுக்கடா அதற்கடுத்த வசனத்தில்தான் வருகிறது. பிடிபட்ட திருடனுக்கோ யாத்திராகமம் 22இல் இரட்டிப்பு. ஆட்டை அறுத்தோ விற்றோ விட்டிருந்தால் ஓர் ஆட்டுக்கு 4 ஆடு, மாடென்றால் 5.

இயேசுவைச் சந்தித்து மனந்திரும்பிய வரி வசூல்காரன் சகேயுவை யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் அவன் தனக்குத் திருடனின் கணக்கையே போட்டுக்கொள்கிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. மீதிப் பாதியிலிருந்து நாலு மடங்கு கொடுப்பதென்றால், ஏமாற்றிச் சேர்த்தது மொத்தச் சொத்தில் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், கணக்குத் தெரியாமல் பேசியிருக்க மாட்டான்.

ஆனால் பணத்தைக் கட்டினால்தான் மன்னிப்பு என்று இதை எடுத்துக்கொண்டால் அது வேறொரு தவறு. ‘இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்று இயேசு சகேயுவிடம் சொன்ன அழைப்பு முதலில் வந்தது, கணக்கு பிறகு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் செய்ததை நினைத்து மனம் வருந்தினான், பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான், அதற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பினான். இயேசுவிடம் மட்டும் திரும்பிப் போகவில்லை. அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுரு போனான்.

‘பழையவைகள் ஒழிந்துபோயின’ என்ற 2 கொரிந்தியர் 5:17ஐக் காட்டிப் பழைய பாக்கியைத் தட்டிக் கழிப்பவர்கள் உண்டு. அதை எழுதிய பவுல்தான் அடிமை ஒநேசிமுவைப் பிரியமான சகோதரன் என்று அவனுடைய எஜமான் பிலேமோனிடம் அனுப்புகிறார். புது உறவு வந்துவிட்டது, கடனை விடு என்று அவர் எழுதவில்லை. அவன் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள்ளும், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கைப்படவே எழுதினார். எபேசியர் 4:28இல் திருடனுக்குச் சொன்னதையும் பாருங்கள்: திருட்டை நிறுத்து, கையால் உழை, இல்லாதவனுக்குக் கொடு. திருட்டை விட்டதோடு அவன் நின்றுவிடவில்லை, கொடுக்கிறவனாகிறான். புதிய மனுஷனைத் தரித்துக்கொள்வது என்பதற்கு அதே அதிகாரம் தரும் விளக்கம் இதுதான்.

நடைமுறையில் எங்கே கோளாறாகிறது? முதலாவது, ஏமாற்றிய பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாவது. உரியவரோ அவருடைய வாரிசோ இருக்கும்வரை அது சபைக்குச் சேராது; உறவினரே இல்லாவிட்டால்தான் ஆசாரியனிடம் போகும் என்று எண்ணாகமம் 5:8 சொல்கிறது. மொத்தமாக முடியாவிட்டால் எத்தனை தவணை, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுக்கலாம்.

அவதூறு சொல்லியிருந்தால் சொன்ன ஆட்களிடமே, வாட்ஸ்அப் குழுவில் என்றால் அதே குழுவில், நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்குவது பாவ அறிக்கையே இல்லை. புண்பட்டவர்மேல்தான் பழி திரும்புகிறது. சபையில் தன் மனந்திரும்புதலைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது மற்றவர் பெயரை இழுப்பது இன்னொரு தொல்லை. தன் பாவத்தைச் சொல்லப்போய் அடுத்தவர் குடும்பத்தை ஊர் வாயில் போட்டுவிடுகிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டிலும் (எண் 1459) திருடியதைத் திருப்புவதும், கெடுத்த பெயரை மீட்டுத் தருவதும், காயத்துக்கு ஈடு செய்வதும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டுள்ளன.

அடிதடி, பாலியல் கொடுமை போன்றவற்றில் மட்டும் நேரில் போய் மன்னிப்புக் கேட்பது இரண்டாவது கொடுமையாகிவிடும். குற்றம் செய்தவர் விலகி நின்று, சட்டத்தின் முன் ஒத்துக்கொள்வதுதான் அங்கே சரிக்கட்டுவது. போதகர்களும் மூப்பர்களும் பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்குப் போய், அவர் மனந்திரும்பிவிட்டார், புகாரை வாபஸ் வாங்கு என்று கேட்பதற்கு வேதத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர்,
பாளையங்கோட்டை