பார்சலோடு ஒரு கடிதம்

மார்கழி 12

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். ஆயாவுக்கு முட்டி வலி, அது எப்போதும் உள்ளதுதான். தம்பி உனக்குப் பார்சல் போடுகிறான். ராகி மாவு நாலு கிலோ, புளி, வறுத்த கடலை, அம்மா அரைத்த பருப்புப்பொடி. பெட்டியில் இடம் இருக்கிறதே, நாலு வரி எழுதி வைப்போம் என்று உட்கார்ந்தேன். போன் செய்தால் "நல்லா இருக்கேன்ப்பா, சிக்னல் இல்லப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம்.

தைலம் ஒரு பாட்டிலும் இருக்கிறது. ராயக்கோட்டையில் எலும்பு கட்டுகிறவரிடம் நானே போய் வாங்கி வந்தேன். வால்பாறைக் குளிருக்குக் கால் பிடித்துக்கொள்ளும் என்றார்கள், அதற்காகத்தான். லேசாகச் சூடு காட்டித் தேய்த்துத் துணி சுற்றிக்கொள். இறுக்கிச் சுற்றாதே.

இந்த வருஷம் யானைகள் ஐப்பசி முடிவதற்குள்ளேயே வந்துவிட்டன. வழக்கம்போல பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி என்று இறங்கி, ராயக்கோட்டை தாண்டி ஏழெட்டு நம் பக்கம் பிரிந்து வந்தன. ராகி பால் பிடிக்கும் வாசம் அத்தனை தூரம் எப்படித்தான் எட்டுகிறதோ. காட்டில் ஒரு நாளைக்கு 150 கிலோ தீனி தேட ஒரு யானை பொழுதெல்லாம் நடக்க வேண்டும், கொல்லையில் நின்ற இடத்திலேயே சத்தான தீனி கிடைக்கிறது, அதனால்தான் ஆண் யானைகள் துணிந்து உள்ளே வருகின்றன என்று நீ சொன்னாய் அல்லவா. அதை நான் டீக்கடையில் சொன்னேன். "உம்ம பொண்ணு ஆனைக்கு வக்கீலா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "ஆமாம், பீஸ் வாங்காத வக்கீல்" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரியே நம் மேட்டுக்கொல்லையில் இறங்கிவிட்டன, அது வேறு கதை.

ஒன்றரை ஏக்கரில் முக்கால் ஏக்கர் போயிற்று. தின்றது கொஞ்சம், மிதித்தது அதிகம். தம்பியும் நானும் காவல் கொட்டாயில்தான் இருந்தோம். தகரம் தட்டினோம், வெடி போட்டோம். ஒன்று மட்டும் திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. மேல்கொல்லைக்காரர் போட்ட சோலார் வேலியும் நிற்கவில்லை. கொம்பன் ஒன்று காய்ந்த மரத்தைத் தள்ளி அதன்மேல் சாய்த்துவிட்டு ஏறிக் கடந்தது. மனு கொடுத்திருக்கிறோம், போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நமக்குத் தேறியது நாலு மூட்டை. அதில் அரைத்த மாவுதான் உனக்கு வருகிறது. யானை மிச்சம் வைத்தது.

விடிவதற்கு முன்னால் காட்டுக்குள் போகாதே. இதைப் போன தடவையும் சொன்னேன். மிருகங்களைப் படம் பிடிக்க நீ காட்டில் கட்டி வைத்த கேமரா பெட்டியை எட்டு மணிக்குப் போய் எடுத்தால் படம் அழிந்தா போய்விடும்? போகும்போது மண்ணைக் கிள்ளித் தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார். துரத்தினால் பள்ளத்துப் பக்கம் ஓடு என்று நான் சொன்னதற்கு, "அதெல்லாம் சும்மாப்பா, யானை சரிவுல நல்லாவே இறங்கும்" என்றாய். சரி, நீ படித்தவள். ஆனால் தேயிலைக்குள் ஓடுவது எப்படி என்று உன் படிப்பில் இருக்கிறதா? செடி இடுப்பு உயரம் நிற்கிறது, வரிசைக்கு நடுவே ஓர் ஆள் போகிற சந்து, மழை பெய்தால் வழுக்கல். யாரோ சொல்லக் கேட்டேன்.

அங்கே யானை எங்கே நிற்கிறது என்று செல்போனில் குறுஞ்செய்தி வருமாமே, கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியுமாமே. நீ சொன்னதுதான். ஊருக்கெல்லாம் எரிகிற விளக்கு உனக்கும் எரியட்டும். எரிந்தால் நின்றுவிடு. கல்யாணப் பேச்சு இந்தக் கடிதத்தில் எடுக்க மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன், எடுக்கவில்லை.

உன் மாமன் ஆலம்பாடி மாடுகளை விற்றுவிட்டார். அறுபது இருந்த பட்டியில் இப்போது பதினொன்று. 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம் அறிவித்த அன்று நீ போன் செய்து குதித்தது ஞாபகம் இருக்கிறது. 686 சதுர கிலோமீட்டர், 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு 504, ரெண்டும் சேர்ந்தால் யானைக்கு வழி அறுபடாது, ஆற்றோரத்துச் சாம்பல் அணிலுக்கும் நல்லது என்று மூச்சு விடாமல் சொன்னாய். எனக்கு முதலில் மாமனின் பட்டிதான் கண்ணில் வந்தது. சரணாலயத்துக்குள் மாடு மேயக் கூடாது என்று உயர்நீதிமன்றம் அந்த மார்ச்சில்தான் சொல்லியிருந்தது. காட்டில் மேய்ந்தே வளர்ந்த இனம் அது, கட்டிப்போட்டுத் தவிடு வைத்து வளர்க்க அவருக்குக் கட்டுமா? பொங்கலுக்கு நீங்கள் ரெண்டு பேரும் திண்ணையில் மோதிக்கொண்டீர்கள். நீ சட்டத்தைச் சொன்னாய், அவர் மாட்டைச் சொன்னார். நான் இலை போடச் சொல்லி அம்மாவை உள்ளே அனுப்பினேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவருக்கு ஒரு போன் செய். பெரியவர், நீதான் இறங்கிப் போக வேண்டும். மாட்டைப் பற்றிக் கேள், யானையைப் பற்றிப் பேசாதே.

இன்னொன்று. போன வாரம் மோட்டார் கொட்டாயில் மூட்டைக்குப் பின்னால் கட்டுக்கம்பிச் சுருள் ஒன்று கிடந்தது. புதுசு, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. தம்பியைக் கேட்டேன், பந்தலுக்கு என்றான். நமக்கு எங்கே பந்தல் இருக்கிறது? அந்தச் சுருள் இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவன் தேடுகிறான், நானும் கூடச் சேர்ந்து தேடுவதுபோல் நடிக்கிறேன்.

சோலார் வேலி சுண்டிவிடும், கொல்லாது, ஏனென்றால் விட்டுவிட்டு ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் பாயும், லைனிலிருந்து நேராக இழுத்தால் பிடித்த பிடியை விடாது என்று நீதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாய். தெரிந்தும் வாங்கியிருக்கிறான். முக்கால் ஏக்கர் போனவனுக்குப் புத்தி அப்படித்தான் போகும். அதை என்னைவிட நன்றாக யார் அறிவார்கள்.

2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிப் பக்கம் மூன்று யானைகள் கம்பியில் செத்தனவே, நான் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பைக்கில் போனேன், ஊரே அங்கேதான் இருந்தது. குட்டிகள் ரெண்டும் பிழைத்துக்கொண்டன, செத்தவற்றை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தன என்று பேசிக்கொண்டார்கள். கிழவிகள் மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிட்டார்கள். எல்லோரும் யானையைப் பார்த்தார்கள். நான் கம்பியைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி நீ போனில் அழுதுகொண்டே "அவனெல்லாம் மனுஷனாப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய்.

பாப்பா, நம் நாய் கருப்பனைப் பாம்பு கடிக்கவில்லை.

நீ அப்போது ஆறாவது. மேட்டுக்கொல்லையில் கடலை போட்டிருந்தோம், பன்றி வந்து தினம் நாலு சால் தோண்டிவிட்டுப் போனது. பக்கத்துக் கொல்லையில் செய்ததைத்தான் நானும் செய்தேன். மோட்டார் கொட்டாயிலிருந்து ஒரு கம்பி, மூங்கில் குச்சிகளில் முழங்கால் உயரத்துக்கு. ராத்திரி பத்து மணிக்குப் போடுவேன், விடியக் காலை நாலரைக்கு எடுத்துவிடுவேன். ஒரு பன்றியும் விழுந்தது. கடையில் வாங்கிய கறி என்று சொல்லி உங்கள் ரெண்டு பேருக்கும் போட்டேன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குத் தூங்கிவிட்டேன். அவ்வளவுதான், தூங்கிவிட்டேன். நம் வீட்டில் அப்போது கக்கூஸ் கிடையாது. நீ சொம்பை எடுத்துக்கொண்டு இருட்டோடு கிளம்பியிருக்கிறாய், கருப்பன் எப்போதும்போல உனக்கு முன்னால் ஓடியிருக்கிறான். ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. நான் ஓடிப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு வந்தபோது நீ வரப்பில் நின்று "கருப்பா, கருப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு இருந்தாய். உன்னை ஓங்கி ஓர் அறை அறைந்தேன். எதற்கு அறைந்தேன் என்று நீ இன்றுவரைக்கும் கேட்டதில்லை. நீ நின்ற இடத்துக்கும் கம்பிக்கும் நடுவே பிறகு அளந்து பார்த்தேன். பதினேழு அடி.

கண்ணாடி விரியன் என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது. புங்கமரத்தடியில் புதைத்தோம், நீ அரளிப்பூ வைத்தாய். அடுத்த வாரமே பள்ளிக்கூடத்திலிருந்து பாம்புப் புத்தகம் எடுத்து வந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று எங்களுக்கே பாடம் நடத்தினாய். ஒரு நாள் சாப்பிடும்போது, "கண்ணாடி விரியன் கடிச்சா கடிச்ச இடம் வீங்குமாமேப்பா, கருப்பனுக்கு ஏன் வீங்கலை?" என்று கேட்டாய். நாய்க்கு வீங்காது என்றேன். நீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் கேட்கவில்லை.

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் உன்னைச் சேர்த்த அன்று உன் வாத்தியார் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டாரே. "எங்க நாயைப் பாம்பு கடிச்சிடுச்சு சார், அதுல இருந்துதான் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு ஆரம்பிச்சேன்" என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, நல்லபடியாக வளர்த்திருக்கிறீர்கள் என்றார். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். நான் திரும்பி வர நேரமானது, நீ கோபித்துக்கொண்டாய்.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றால் சொல்ல ஒன்றும் இல்லை. பயம்தான். உன்னிடம்தான் பயம், போலீஸிடம் இல்லை. கருப்பனுக்காக நீ அழுததைப் பார்த்தவன் நான்.

தம்பியிடம் கம்பி கட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன என்று சொல்வேன்? நீ சொல். நான் எழுதியதை அவனுக்கு முழுதாகப் படித்துக் காட்டினாலும் சரி. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அவள் பாதி அறிவாள்.

தக்காளி பாலக்கோடு மார்க்கெட்டில் மறுபடி விழுந்துவிட்டது, பறித்த கூலிகூட வராது என்று சிலர் செடியிலேயே விட்டுவிட்டார்கள். ஆடு ரெண்டு குட்டி போட்டது. பஞ்சப்பள்ளி அணையில் தண்ணீர் பரவாயில்லை. வேறு விசேஷம் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

விடிவதற்கு முன்னால் போகாதே. தனியாகப் போகாதே, கூட வருகிறவரை முன்னால் விட்டு நீ பின்னால் நட. அந்தப் பையன் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை. யானையைப் பார்த்தால் படம் எடுக்க நிற்காதே. பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாலேயே வா. பஸ்ஸில் ஏற முடியாது என்றால் சொல், நானும் தம்பியும் வண்டி பிடித்து வருகிறோம். எதற்கு ஏற முடியாது என்று கேட்க மாட்டேன்.

தைலம் பதினைந்து நாளைக்கு வரும். தீர்ந்தால் இன்னொன்று அனுப்புகிறேன். அந்த எலும்புக்காரர் என்னிடம், சுளுக்கா முறிவா, இடது காலா வலது காலா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதை மட்டும் எழுது.

இப்படிக்கு
அப்பா

தம்பியைத் திட்டாதே. அவனாகச் சொல்லவில்லை, நான் பிடுங்கினேன்.