தவளைத் தொட்டிக்குச் சூடு பக்கவாட்டில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டன் குளிரில் இரவு ஹீட்டரை அணைத்துவிடும் வீடுகளில் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை வளர்ப்போர் கவனத்துக்கு: சூடேற்றும் பாயைத் தொட்டிக்கு அடியில் விரிக்காதீர்கள். வெப்பம் கூடினால் தவளை குளிர்ச்சி தேடி ஈரமண்ணில்தான் பதுங்கும். அங்கேயே சூடு இருந்தால் வயிற்றுத் தோல் வெந்துபோகும், பாவம்.

பாயைப் பக்கச் சுவரின் வெளிப்புறத்தில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்காமல் ஒட்டுங்கள். சூட்டை அளந்து பாயைத் தானே அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. அதன் உணர்முனையை உள்ளே, சூடான சுவரருகே பொருத்துங்கள். அது நழுவி வெளியே விழுந்தால் அறைக் குளிரை அளந்து பாயை ஓயாமல் சூடேறவிடும். பகலில் சூடான பக்கம் 26 டிகிரி செல்சியஸ், இரவில் 20 போதும். எதிர்ப்பக்கம் குளிர்ந்தே இருக்கட்டும். சூடு ஈரத்தை உறிஞ்சுவதால் குளோரின் நீக்கிய நீரைத் தினமும் தெளியுங்கள்.

ஒரு வாசகர், லண்டன்