பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு தூய்மைப் பணியாளரின் மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வார்டில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். சங்கத்தில் மனுவும் கொடுத்தாயிற்று. அந்த மனுவில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. என் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் கூடையில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வாசலுக்கு வாசல் போய் நிற்பாள். "மக்குறது தனியா, மக்காதது தனியா குடுங்க" என்று பாட்டியை அதட்டுவாள். பெரியவளாகி என்ன செய்யப் போகிறாய் என்றால், "அப்பா மாதிரி பேட்டரி வண்டி ஓட்டுவேன்" என்பாள். அவள் வேறு வேலைக்குப் போகவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனாலும் அதைக் கேட்கும்போது மனசு நிறைந்துவிடும்.

அன்று அவள் அம்மாவோடு எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். சாக்கடை அடைப்பை நான் வெறும் கையால் அள்ளிக்கொண்டிருந்தேன். கையுறை கிழிந்து ஒரு மாதம் ஆகிறது. மேற்பார்வையாளர் பைக்கை விட்டு இறங்காமலே, "டேய், என்னடா மசமசன்னு நிக்கிற, அள்ளுடா" என்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "சரிங்க சார்" என்று குனிந்தேன். நிமிர்ந்தால், தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு மகள் என்னையே பார்த்தபடி நிற்கிறாள்.

ராத்திரி, "அப்பா, நீ என்ன தப்பு பண்ணின?" என்று கேட்டாள். அப்புறம் அந்த விசிலை அவள் தொடவேயில்லை. ஆணியில் தொங்குகிறது.

ஐயா, எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். 2020இல் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். கொரோனா நேரத்தில் மாலையும் போட்டார்கள். தெருவில் எங்கள் பெயர் இன்னும் 'டேய்'தான். கையுறை, காலணி, முகக்கவசம், மழைக்கோட்டு எல்லாம் தரவேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொன்னார்கள். ஒப்பந்தக்காரரிடம் கேட்டால் நகராட்சியைக் கேள் என்கிறார். நகராட்சியில் ஒப்பந்தக்காரரைக் கேள் என்கிறார்கள். யாரிடம்தான் கேட்பது? கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

அந்த மேற்பார்வையாளரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. அவருக்கும் சின்னப் பிள்ளை இருக்கிறது. பணியாளர்களைப் பெயர் சொல்லி, 'வாங்க, போங்க' என்றுதான் பேசவேண்டும் என்று எழுத்தில் ஓர் உத்தரவு போட்டு, எல்லா வார்டு அலுவலகத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். கையுறையும் கொடுங்கள்.

வருகிற ஞாயிறும் மகள் சாப்பாடு கொண்டு வருவாள். அதற்குள் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நகராட்சியின் தூய்மைப் பணியாளர் ஒருவர்