கனடாக்காரனுக்கு அடையாளம் இல்லையா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை துணுக்கு பகுதியில, கனடாக்காரங்களுக்குன்னு சொந்த அடையாளமே கெடையாது, "நாங்க அமெரிக்கா இல்ல"ங்கறது ஒண்ணுதான் அவங்க அடையாளம்னு ஒரு ஜோக் போட்டிருந்தீங்க. படிச்சதும் சிரிச்சேன், ஆனா மனசு ஒப்பல. என் பொண்ணு ஒம்பது வருஷமா டொராண்டோ பக்கம் பிராம்ப்டன்ல இருக்கா, நானும் ரெண்டு தடவை போய் இருந்துட்டு வந்தவன், அதனாலதான் எழுதறேன்.

"நாங்க அவங்க இல்ல"னு சொல்றது லேசுப்பட்ட விஷயமா ஐயா? 1965 அக்டோபர் 2 வரைக்கும் தர்மபுரியே சேலம் ஜில்லாதான். "சேலம் இல்லைங்க, தர்மபுரி"னு சொல்லி சொல்லியே நாம தர்மபுரிக்காரங்க ஆனோம், 2004ல கிருஷ்ணகிரிக்காரங்க "நாங்க தர்மபுரி இல்ல"னு தனியா போனாங்க. அதே 1965ல, பிப்ரவரி 15ந்தேதி, கனடாவும் மூலையில பிரிட்டன் கொடி ஒட்டியிருந்த பழைய கொடிய எறக்கிட்டு மேப்பிள்ங்கற மரத்தோட எலை போட்ட கொடிய ஏத்துச்சு. எல்லா நாடும் சிங்கம் கழுகுன்னு தேடுறப்ப அவங்க எடுத்தது ஒரு எலை. 1975ல சட்டம் போட்டு நாட்டுக்கு சின்னமா வச்சது பீவர், மரத்த கடிச்சு அணை கட்டற பிராணி, யாரையும் போய் மொறைக்காது. தேசிய விளையாட்டும் ஒண்ணு இல்ல, 1994ல குளிருக்கு ஐஸ் ஹாக்கி, வெயிலுக்கு லாக்ராஸ் (வலை கட்டுன குச்சியால பந்த புடிச்சு எறியற ஆட்டம்)னு ரெண்டையும் வச்சுட்டு சண்டைய முடிச்சுட்டாங்க.

அங்க ஒரு கடையில என் தள்ளுவண்டி ஒரு அம்மா கால்ல இடிச்சுடுச்சு, நான் பதறிப்போய் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தம்மா "சாரி"ங்கறாங்க! இடிச்சது நானு. நம்ம பஸ் ஸ்டாண்டா இருந்தா பாலக்கோடு பஸ் கெளம்பற வரைக்கும் பஞ்சாயத்து ஓடியிருக்கும். பொண்ணு கிட்ட சொன்னா, இதுக்கு சட்டமே இருக்குப்பாங்கறா. ஒண்டாரியோ மாகாணத்துல 2009லருந்து, சாரி சொன்னத வச்சு நீ தப்ப ஒத்துக்கிட்டேன்னு சிவில் கேஸ்ல ஆதாரமா காட்ட முடியாதாம். மனுஷன் மனசார மன்னிப்பு கேக்கறதுக்கு சட்டம் காவல் நிக்குதுங்க, இதவிட என்ன அடையாளம் வேணும்?

அப்புறம் அந்த மேப்பிள் பாகு. நாங்க ரெண்டு தலைமுறையா கரும்பு ஆலை ஓட்டி வெல்லம் காய்ச்சற குடும்பம், அதனால இத நான் சொல்லியே ஆகணும். ராத்திரி பனி உறைஞ்சு பகல்ல உருகுற அந்த சில வாரம் மட்டும் மரத்துல துளை போட்டு வடியற தண்ணிய புடிச்சு காய்ச்சறாங்க, பாக்க பச்சத்தண்ணி மாதிரியே இருக்கும், நாப்பது லிட்டர் வத்தி வத்தி ஒரு லிட்டர் பாகு. கியூபெக் மாகாணத்துல இத அரிசி குடோன் மாதிரி பேரல் பேரலா சேத்து வச்சிருக்காங்க. 2011-12ல அந்த குடோன்லருந்து சுமார் 3000 டன் பாகு திருடு போச்சு, பேரல்ல பாகுக்கு பதிலா தண்ணிய ரொப்பி வச்சிருந்தானுங்க திருடனுங்க. படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது, கொப்பரை முன்னாடி நின்னவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

பொண்ணு போன மாசம் ஒரு பாட்டில் குடுத்து விட்டா. எங்கம்மாவுக்கு எம்பத்திரண்டு வயசு, பணியாரத்துல தொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டு, "ருசி நல்லாத்தான் இருக்கு, ஆனா பதம் வர்றதுக்கு முன்னாடியே எறக்கிட்டாங்கடா"ன்னாங்க. அதுதாம்மா அவங்க ஊரு பதம்னு சொன்னேன். இன்னொரு பணியாரம் எடுத்துக்கிட்டாங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.